ஜன்னலக்கா வீடு விற்பனைக்கு

"வாசல்ல இருக்கிற அந்த மூணு படியையும் இடிச்சுத் தள்ளிட்டு, சரிவாப் போட்டு விடுங்க சார். கார் நேரா உள்ள ஏறும். வீட்டோட மதிப்பே எகிறிடும்!" என்றார் தரகர்.

"போட்டுடலாம்" என்றார் கணவர்.

ஹால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்மகிட்ட கார் ஏதுங்க?"

"நமக்கில்லடி, வாங்க வர்றவங்களுக்கு."

தரகர் அதோடு விடவில்லை. சமையலறைத் தரை ஹாலைவிட ஒரு படி இறக்கமாம், அதை மேடாக்கி ஒரே மட்டமாக்க வேண்டுமாம். நடுவில் இருக்கிற சுவர் வேண்டாமாம். குளியலறைக் கதவு ஆளை நசுக்குகிறதாம், அகலமாக்கி இழுக்கிற கதவாகப் போட வேண்டுமாம். அறைக்கு அறை காலைத் தட்டும் நிலைப்படிகளைப் பிடுங்கி எறிய வேண்டுமாம்.

"வாசல்ல நின்னு பார்த்தா கொல்லைப்புறம் வரைக்கும் கண்ணு தடங்கல் இல்லாமப் போகணும். பார்ட்டி அங்கேயே மயங்கிடுவாங்க சார்!"

ஒவ்வொன்றுக்கும் கணவர் தலையாட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! இதே வேலைகளில் பாதியை வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனவள் மனைவி. அப்போதெல்லாம் அந்த மனுஷனுக்குக் காது மந்தம்.

"சுவத்துல கைய வெச்சா கூரை தலைமேல விழும்னு என்கிட்ட சொன்னீங்களே. இப்ப விழாதா?"

"அது அப்போ. விக்கப்போற வீட்டுக்குச் செலவு பண்ணா போட்டதுக்கு மேல திரும்பி வரும். நாம குடியிருக்கும்போது எதுக்குத் தண்டச் செலவு?"

தண்டச் செலவு! அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது.

விற்கிற எண்ணம் முழுக்க அவருடையது. வருகிற பணத்தைத் தம்பியின் கடையில் போட்டுவிட்டு, தம்பி வீட்டு மாடிக்குக் குடிபோகலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரே ஒரு சிக்கல், வீடு மனைவி பேரில் இருந்தது. அவளுடைய அப்பா எழுதி வைத்தது. அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது.

"மாடின்னா சாதாரண மாடி இல்ல. நல்லா காத்து வரும். இதைவிடப் பெரிய ஜன்னல் வேற இருக்கு. உனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

"என்ன வேணும்னு ஒரு நாளாவது காதுல வாங்கியிருக்கீங்களா?"

அவர் தரகரைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.

தெருவில் அவளுக்கு 'ஜன்னலக்கா' என்று பெயர். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அந்த ஜன்னலில்தான் இருப்பாள். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சமையல்கூடக் கணவர்தான். "தங்கமான மனுஷன்யா, பொண்டாட்டியை உள்ளங்கையில வெச்சுத் தாங்குறார்" என்று தெருவே கொண்டாடியது. கேட்டுக் கேட்டு அவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள்.

"சரி, அந்த ஆள் சொன்ன வேலையெல்லாம் செய்ங்க. முடிஞ்ச வீட்டைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்தைப் பத்திப் பேசுவேன்."

கணவருக்கு வாயெல்லாம் பல். மறுநாளே கொத்தனார் வந்து இறங்கிவிட்டார்.

அப்புறம் ஜன்னலக்கா பண்ணிய அதிகாரம் இருக்கிறதே, அப்பப்பா! உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை வாங்கினாள்.

"கொத்தனாரே, அந்தக் கதவு இன்னும் ஒரு சாண் அகலமா வரட்டும். வாசல் சரிவு ரொம்பச் செங்குத்தா இருக்கு, நீளமா இழுத்துப் போடுங்க. அடுப்பு மேடை கொஞ்சம் தாழவே இருக்கட்டும். தரையில ஒரு விரல் மேடுகூட இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

"என் மேஸ்திரிகூட இவ்வளவு கறார் இல்லக்கா" என்று கொத்தனார் சிரித்தார்.

"இவளுக்கும் விலை ஆசை வந்துடுச்சு, பார்த்தீங்களா" என்று கணவர் தரகர் காதில் கிசுகிசுத்தார்.

வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பார்ட்டி வருவதாக ஏற்பாடு. கணவர் குளித்து, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். ஜன்னல் காலியாக இருந்தது.

பகீரென்றது அவருக்கு. படுக்கையறையில் எட்டிப் பார்த்தார், இல்லை. சமையலறையில் காபி போட்ட பாத்திரம் இன்னும் சுட்டது. யார் போட்டது? வாசலில் பேச்சுக்குரல் கேட்க, அடித்துப் பிடித்து ஓடினார்.

கேட்டை மறித்துக்கொண்டு அவள் இருந்தாள். வெளியே தரகரும், காரிலிருந்து இறங்கிய தம்பதியும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"அலைய விட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. இந்த வீடு விக்கிறதுக்கில்ல."

"ஏய்! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இவ்வளவு செலவு பண்ணி..."

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. காபி நானே போட்டுக் குடிச்சேன். முகம் தெரியாத எவனோ வர்றான்னா கதவெல்லாம் அகலமாகுது, தரையெல்லாம் மட்டமாகுது. கட்டின பொண்டாட்டி கேட்டா மட்டும் தண்டச் செலவு! போங்க, உங்க தம்பி வீட்டு மாடிக்கு நீங்களே போய்ப் பெரிய ஜன்னல்ல உட்காருங்க."

கணவர் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினார். "நீ... இது வரைக்கும் எப்படி... யாரு உன்னைக் கொண்டாந்து விட்டது?"

"யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, பின்னாலிருந்து தள்ள ஒருத்தர் கையையும் எதிர்பார்க்காமல், தன் சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரங்களையும் தானே உருட்டிக்கொண்டு, அந்தச் சரிவில் ஏறித் தன் வீட்டுக்குள் போனாள்.