தொப்புளுக்கு வலப்பக்கம்

மருந்து கிருமியைக் கொன்றுவிட்டது. ஆனாலும் நோயாளி தேறவில்லை.

டாக்டருக்கு அதுதான் பிடிபடவில்லை.

நோயாளி குழாய் பதிப்பவர். பல வருடச் சர்க்கரை. மழை விட்டதும் புதர் மண்டிய நிலத்தில் பள்ளம் தோண்டப் போனவர், காய்ச்சலோடு திரும்பினார். இரத்தத்திலிருந்த கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில் சேற்றில் வாழும் பாக்டீரியா தெரிந்தது. சர்க்கரை ஏறிய உடம்பு அதற்குத் திறந்த வீடு. உரிய மருந்து ஏற்றியபின் மறுபடி எடுத்த இரத்தத்தில் அது இல்லை.

இரத்த அழுத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. இன்றைக்குத் தாங்குவாரா என்பதே சந்தேகம்.

டாக்டர் போர்வையை விலக்கி, முதல்நாள் பார்ப்பதுபோல் தலையிலிருந்து தொடங்கினார். காதுக்குப் பின்புறம், அக்குள், முதுகு. வயிற்றில், தொப்புளுக்கு வலப்பக்கம், சிவந்த வளையத்துக்குள் ஒரு கறுத்த பொருக்கு.

“அது இன்சுலின் போட்ட இடம் மேடம்,” என்றார் சிஸ்டர். “அக்காதான் வீட்ல போடறாங்க. இடது வலதுன்னு மாத்தி மாத்தி.”

கட்டிலருகே நின்ற நோயாளியின் மனைவி தலையாட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினாள்.

“வலது பக்கம் கடைசியா எப்பம்மா போட்டீங்க?”

அவள் கையைப் பிசைந்தாள்.

“திட்டாதீங்க மேடம். மாத்திப் போடச் சொல்லித்தான் அனுப்பினாங்க. எனக்கு இடது பக்கம்தான் கை வரும். இந்த மனுஷன் வேற, ஊசின்னா சுவத்தப் பார்த்துக்கிட்டு ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ம்பாரு. வலது பக்கம் ஒருநாளும் போட்டதில்ல. அதனாலதான் இப்படி ஆயிடுச்சா?”

“இல்லம்மா. நல்லவேளை, சொன்னீங்க.”

ஊசி படாத இடத்தில் ஊசித் தழும்பு வராது. அப்படியானால் அது கடி.

புதரில் ஒருவகை உண்ணி உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கடித்தால் வலிக்காது. கடித்த இடம் மட்டும் நெருப்பு சுட்டதுபோல் கறுக்கும். அது இறக்கிவிடும் கிருமி உடம்பின் செல்லுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும். வழக்கமான இரத்தச் சோதனையில் வளராது. சேற்றுக் கிருமியைக் கொன்ற மருந்துக்கும் சாகாது.

ஒரே பள்ளத்திலிருந்து அவர் இரண்டு கிருமிகளை வாங்கி வந்திருந்தார்.

பழைய மருந்து தொடர்ந்தது. கூடவே உண்ணிக் கிருமியைக் கொல்லும் டாக்சிசைக்ளின் ஏறியது. மறுநாள் இரத்த அழுத்தம் இறங்குவது நின்றது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டது.