ஒத்துப் பார்க்க ஒரு மூளை

"நோய் உனக்கு, ஸ்கேன் எனக்கா?"

அக்கா போட்ட சத்தத்தில் ஸ்கேன் சென்டரே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசுக்கா. என் மூளைப் படத்தோட ஒத்துப் பார்க்கணுமாம். கூடப் பிறந்தவங்கள்ல நோயில்லாத ஒருத்தர் வேணும்னாங்க," என்றாள் தங்கை.

"தையல் கடையில துணி மலையாக் கிடக்கு. நீ பாட்டுக்குக் கால் வரலை, அசதியா இருக்குன்னு படுத்துக்கற. எனக்கும்தான் விரல் மரத்துப் போகுது, கண்ணு மங்குது. நான் என்ன படுத்தா கிடக்கேன்?"

எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் உச்சுக் கொட்டினாள். "சீக்காளிப் பொண்ணை இப்படியா கரிச்சுக் கொட்டறது!"

தங்கை, இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது என்று, அக்காவின் வளையலில் தொங்கிய ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

உள்ளே காதைப் பிளக்கும் டமடம சத்தம். "அசையாதீங்கம்மா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அக்கா அசையவில்லை. மனசுக்குள் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்புறம் தங்கைக்கு வைத்தியம் பார்க்கும் நரம்பு டாக்டர் அக்காவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். திரையில் சாம்பல் நிற மூளை. அங்கங்கே வெள்ளைத் திட்டுகள்.

அக்கா திரையருகே குனிந்தாள். "இத்தனையா டாக்டர்? இதை வச்சுக்கிட்டா நடமாடறா? பாவி, அவளைப் போய் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே!"

"இது உங்க படம்மா."

டாக்டர் ஒரு திட்டின் மேல் பேனாவை வைத்துக் காட்டினார்.

"திட்டுக்கு நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு தெரியுதா? சின்ன ரத்தக்குழாய். வேற காரணத்தால வர்ற திட்டுல பெரும்பாலும் இது இருக்காது. தங்கச்சிக்கு இருக்கற அதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான்னு நினைக்கிறேன். நரம்போட உறை தேயற நோய். இன்னும் ஒண்ணு ரெண்டு டெஸ்ட் பார்த்து உறுதி பண்ணிக்கலாம். பயப்படாதீங்க, நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. மருந்து இருக்கு."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை டாக்டர், ஒத்துப் பார்க்கணும்னு என்னைக் கூப்பிட்டீங்க."

டாக்டர் விழித்தார்.

"ஒத்துப் பார்க்கவா? நாங்க யாரையும் கூப்பிடலையேம்மா! 'அக்கா விரல்ல ஊசி ஏறினாக்கூடத் தெரியாம தைக்கறா, ஒரு தடவை பார்த்துடுங்க'ன்னு உங்க தங்கச்சிதான் என்னை நச்சரிச்சுட்டாங்க. இன்னிக்கு அவங்களுக்கு ஸ்கேனே இல்லையே!"