சத்தம் போடாத பேட்டரி

தெருவிளக்கு மாட்டுவதற்காக, ஆளைக் கூண்டில் நிறுத்தி உயரே தூக்கும் லாரி ஒன்றை ஒரு தம்பதி வைத்திருந்தார்கள். கூண்டை இயக்க டீசல் ஜெனரேட்டரா, பேட்டரியா என்று பார்க்கத்தான் அந்தத் தம்பதி கடைக்கு வந்திருந்தார்கள். புதிதாக வந்த பேட்டரியை இவர்கள் தலையில் கட்டிவிட வேண்டுமென்று விற்பனையாளருக்கு ஒரே துடிப்பு.

“பேட்டரியே எடுங்க சார். துளி சத்தம் இருக்காது!”

“அதான் வேணும்!” கணவர் துள்ளினார். “ஜெனரேட்டர் சத்தத்துல தினமும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்த வேண்டியிருக்கு.”

மனைவி மட்டும் யோசனையாகக் கேட்டாள். “கீழ பேசுறது மேல கேட்குமா?”

“பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி கேட்கும் மேடம்!”

“ஒரு வார்த்தை விடாமலா?”

“முணுமுணுத்தாக்கூட!”

“அப்ப ஜெனரேட்டரே குடுங்க. இருக்கிறதுலயே சத்தம் ஜாஸ்தியா போடுறது.”

விற்பனையாளருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கணவரின் காதருகே குனிந்தார். “கீழ நின்னு உங்களைத் திட்டுறது மேல கேட்டுடுமோன்னு பயப்படறாங்க சார்!”

“நான் எங்க மேல போறேன்? ஸ்டூல்ல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். கூண்டுல ஏறி விளக்கு மாட்டுறது இவதான்!”

“அப்ப நீங்க?”

“கீழ நின்னு யோசனை சொல்றது!” என்றார் கணவர் பெருமையாக.

“காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்” என்றாள் மனைவி.

விற்பனையாளர் பேட்டரியை ஓரமாகத் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஜெனரேட்டரை ஓடவிட்டார். கடையே அதிர்ந்தது. கணவரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மனைவியின் முகம் மலர்ந்தது.