கழற்றி வைத்த கார்புரேட்டர்

அப்பா இறந்து மூன்று வருடமாக நிற்கும் ஸ்கூட்டர், நான்கு மணிக்குள் கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்காரருக்குத்தான் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். மகள், எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா ஒரு பக்கமா சாய்ச்சு ஒரே உதையில எடுப்பார். நீயும் இருக்கியே மெக்கானிக்கு!"

"பின்சீட்ல உக்காந்து திட்டும்மா. ஸ்பிரிங் தாங்குதான்னு பார்த்துக்கறேன்."

அம்மா ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டோடு முன்சீட்டும் அமிழ்ந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கிக்கர் தானாக ஒருமுறை இறங்கியது. எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. கார்புரேட்டர் இன்னும் மகளின் கையில்தான் இருந்தது.

அம்மா திடுக்கிடவில்லை. காலி முன்சீட்டுக்கு மேலே, தோள் உயரத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"இரும்புக்காரர் வந்தா, வண்டி வெளிய போயிருக்குன்னு சொல்லிடு."