ரெண்டேகால் மணி நேரம்

"பத்து மணிக்குத் திருவனந்தபுரத்துல ஏறுனா, பன்னெண்டேகாலுக்கு துபாய்ல எறங்கியாச்சு! ரெண்டேகால் மணி நேரம்! ஏட்டி, நம்மூருல இருந்து மதுரைக்குப் போற பஸ்ஸே அம்புட்டு நேரம் எடுக்குதே!"

விமான டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மனைவி இருளம்மாளிடம் துள்ளினார் ஐயாதுரை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக நிமிஷக் கணக்குப் பார்க்கிறவர். மகள் சண்முகக்கனியைக் கட்டிக் கொடுப்பதிலும் அதே கணக்குதான். நினைத்தால் ரெண்டரை மணி நேரத்துக்குள் மகள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். மதுரையைத் தாண்டிப் பெண் கொடுப்பது கிடையாது. கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று ஐந்து மாப்பிள்ளைகள் இதில் அடிபட்டுப் போனார்கள்.

ஆறாவது ஆள்தான் இன்று பெண் பார்க்க வந்திருந்த மம்சாபுரத்து வைகுண்டராஜ். துபாயில் கிரேன் மெக்கானிக். லீவு முடிந்து திரும்புவதற்கான அந்த டிக்கெட் அவனுடையதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தில் அவனைப் பார்த்த சண்முகக்கனி, கட்டினால் இவனைத்தான் என்று அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

டிக்கெட்டைக் காட்ட ஐயாதுரை பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

வைகுண்டராஜ் நெளிந்தான். "அத்தே, அங்க கடிகாரம் நமக்கு ஒண்ணரை மணி நேரம் பின்னாடி ஓடும். அதான் டிக்கெட்டுல அப்பிடித் தெரியுது. நெசமா மூணேமுக்கா மணி நேரம் ஆகும். மாமாட்ட சொல்லிரட்டா?"

"கேசரிய வாயில போடுங்க தம்பி!" என்றாள் இருளம்மாள்.

வெளியே பக்கத்து வீட்டுப் பால்ச்சாமியின் குரல் கேட்டது. "திருவனந்தபுரத்துக்குப் போய்ச் சேரவே பஸ்ல ஆறு மணி நேரம் ஆகுமேய்யா?"

"அது பஸ்காரன் குத்தம்வே! ஏரோப்ளேன் என்ன செய்யும்?"

உள்ளே சண்முகக்கனி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பந்தியில் இலைக்கு இலை நின்று, "மதுரை தூரந்தான்! மதுரை தூரந்தான்!" என்று சொல்லிக்கொண்டே பாயசம் ஊற்றினார் ஐயாதுரை.

மூன்று மாதத்தில் சண்முகக்கனிக்கு விசா வந்தது. திருவனந்தபுரம் விமான நிலைய வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தவள், அப்பா பெட்டியை இறக்கி வைத்ததும் உடைந்துபோனாள்.

"அப்பா, ஒங்கள ஏமாத்திட்டோம்ப்பா. துபாய் மதுரை தூரமில்ல. அங்க கடிகாரமே வேற. எனக்கும் அம்மாவுக்கும் அன்னைக்கே தெரியும்."

ஐயாதுரை கையை நீட்டி அவள் கண்ணைத் துடைத்தார். இடது கையில் அவருடைய பழைய கடிகாரம் எட்டு மணி காட்டியது. பிறகு வலது கைச் சட்டையை மேலே தள்ளினார். அங்கே புதிதாக இன்னொரு கடிகாரம். மணி ஆறரை.

"டைம் ஆபீஸ்காரனுக்கே கடிகாரம் காட்டுதியளாக்கும்? என்னைய மாதிரி வீம்பு பிடிச்சவன் எறங்கி வர ஒரு சாக்கு வேண்டாமாட்டி? மாப்பிள்ள டிக்கெட்ட நீட்டுன அன்னைக்கு ஒம் மொகத்தப் பார்த்தேன். சாயங்காலமே கடைக்குப் போயி இத வாங்கி, ஒண்ணரை மணி நேரம் திருப்பி வச்சுட்டேன் தாயி!"