சத்தம் வெளியே போகாத அலமாரி

"இதுக்குள்ள ஏறி முழங்கால் போட்டுப் பாக்கலாமா தம்பி?"

செபமாலையம்மாள் இப்படிக் கேட்டதும் சிஜு திருதிருவென்று விழித்தான். போடிமெட்டுச் சாலையில் பழைய பங்களாச் சாமான் கடை வைத்து ஒன்பது வருஷமாகிறது. அலமாரி வாங்க வந்தவர்கள் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், கரையான் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே முழங்கால் போட ஒருவரும் கேட்டதில்லை.

"சேச்சி, அலமாரியில துணியல்லே வைக்கிறது? ஆளு எதுக்குக் கேறணும்?"

"இது துணிக்கு இல்லப்பா, கோயிலுக்கு" என்றார் அவள் கணவர் இன்னாசிராஜ். தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டிப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். "எங்க எஸ்டேட் கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்குக் கூண்டு கிடையாது. நல்ல பழைய அலமாரியா வாங்கி, பக்கப் பலகையில சின்னதா ஒரு ஜன்னல் வெட்டிட்டா, பாவத்தைச் சொல்றவுக உள்ள இருக்கலாம், கேக்குற சாமியாரு ஜன்னலுக்கு அங்கிட்டு உக்காந்துக்கிடலாம். சத்தம் வரிசையில நிக்கிறவுக காதுல விழக் கூடாது. அம்புட்டுத்தேன்."

இத்தனை நாளும் அந்தக் கோயிலில் ஒரு திரைச்சீலைதான் தொங்கியது. திரை கண்ணை மறைக்கும், வாயை மறைக்குமா? போன கிறிஸ்துமஸுக்கு அதே எஸ்டேட்டில் இருக்கும் ஜிஸ்மி, மாமியாரின் கோழியை அவருக்குத் தெரியாமல் அடித்துக் குழம்பு வைத்த பாவத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குள் மாமியார் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஊரே சிரித்தது. செபமாலை மட்டும் சிரிக்கவில்லை. அவளிடமும் ஒன்று இருந்தது, இருபத்திரண்டு வருஷமாக. ஒவ்வொரு தடவையும் சில்லறைப் பாவங்களையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டு எழுந்து வருவாள். ஏனென்றால் வரிசையில் அவளுக்குப் பின்னால் எப்போதும் நிற்பவர் இன்னாசிராஜ். அது அவர் காதில் மட்டும் விழவே கூடாது. அதனால்தான் கூண்டு வேண்டும் என்று சண்டை போட்டாள். "அப்ப நீயே பாத்து எடுத்துட்டு வா" என்று கோயில் கமிட்டியில் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இரண்டு அலமாரிகள் தேறவில்லை. முதலாவதில் அவள் இருமியது ரோடு வரைக்கும் கேட்டது. இரண்டாவதில் முழங்கால் போட்டால் கதவு சாத்தவில்லை. இது மூன்றாவது. ஈட்டி மரம், துரை பங்களாவில் இருந்தது, பலகை நல்ல கனம்.

டூரிஸ்ட் யாரோ சுவர்க் கடிகாரம் கேட்டு வர, சிஜு முன்பக்கம் போனான். செபமாலை உள்ளே ஏறினாள். இன்னாசிராஜ் கதவைச் சாத்தினார்.

"ம், ஏதாச்சும் சொல்லு."

அவள் மங்கள வார்த்தை செபத்தைச் சொன்னாள்.

"ஒண்ணும் கேக்கல" என்று வெளியிலிருந்து உரக்கச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு!"

உள்ளே கும்மிருட்டு. தன் மூச்சு தனக்கே கேட்டது. சோதித்துப் பார்க்கத்தான் உள்ளே போனாள். ஆனால் முழங்கால் போட்டிருந்தவளுக்கு, இருபத்திரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்தது தானாக வாய்க்கு வந்துவிட்டது.

"சாமி, மஸ்கட்டுக்கு வா, வேல பாத்து வச்சிருக்கேன்னு இவரோட மச்சான் லெட்டர் போட்டிருந்தாரு. அதை இவரு கண்ணுல காட்டாம அடுப்புல போட்டுட்டேன். இவரு இல்லாம இந்த மலையில ஒரு நாளு கூட என்னால இருக்க முடியாது சாமி. சொன்ன சொல்லைக் காப்பாத்தலைன்னு இன்னைக்கும் இவரு அந்த மனுசனைத் திட்டுறாரு. நாலு காசு பாத்திருப்பாரு, நாந்தேன் கெடுத்துட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்னாசிராஜ் சாலையில் போகிற ஏலக்காய் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, கேட்டுச்சா?"

"ஒரு வார்த்தை விழல."

அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இந்த வாரம் சாமியாரிடம் தைரியமாகச் சொல்லிவிடலாம். "அப்ப இதையே முடிச்சிருவோங்க."

"இரு, அவசரப்படாத. உசரமான ஆளு உள்ள போனா எப்படின்னு பாக்கணும்ல? நானும் ஒரு தடவ ஏறிப் பாக்கேன். நீ வெளிய நின்னு கேளு."

அவர் குனிந்து உள்ளே போய், கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார். செபமாலை வரிசையில் நிற்பவள் போல நாலடி தள்ளி நின்றாள்.

உள்ளிருந்து அவர் குரல் வந்தது. மெதுவாகத்தான் பேசினார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"சாமி, என் மச்சான் ரெண்டாவதும் ஒரு லெட்டர் போட்டான். மொத லெட்டருக்குப் பதிலே காணோமே, வேல இன்னும் இருக்கு, கெளம்பி வான்னு எழுதியிருந்தான். அது ஃபேக்டரிக்கு வந்துச்சு. இவளுக்குத் தெரியாம அதை டிரையர் அடுப்புல போட்டது நாந்தேன். இவளை விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக? வீட்டுல அவனைத் திட்டினதெல்லாம் சும்மா நடிப்பு சாமி."

செபமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடிகாரத்தை விற்றுவிட்டுத் திரும்பி வந்த சிஜு, என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டான்.

"எந்தா சேச்சி, அலமாரி சரியில்லையா?"

"சரியில்ல தம்பி, உள்ள பேசுறது பூராவும் வெளிய கேக்குது. கோயிலுக்கு வேற காட்டுங்க" என்றாள் அவள். "இது எங்க வீட்டுக்கு!"