பாட்டுக்குள் ஊதிய சங்கு

ஓசூர் சிப்காட்டில், ஒரு தொழிற்சாலை கேன்டீன் மேடையில் வெறுங்காலோடு ட்ரம்பெட் வாசிக்கிறான் பிரஸ் ஆபரேட்டர் முனிராஜ். கூட வேலை பார்ப்பவர்களுக்காகவே அவன் அமைத்த இசை. பக்கவாத்தியம் லேப்டாப், அதில் பதிவாகியிருக்கும், அவர்கள் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினே தட், தட்டென்று தாளம் போடுகிறது. கேசரியை மறந்து கேட்கிறார்கள். அடுத்து, அவன் பதிவுசெய்து வைத்த ஷிப்ட் சங்கு லேப்டாப்பிலிருந்து எழுகிறது. ட்ரம்பெட் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. நாற்காலிகள் கரகரவென்று நகர்கின்றன. எல்லோரும் கைகழுவ ஓடுகிறார்கள். சுவர்க் கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

"இது பாட்டுல வர்ற சங்குப்பா, உக்காருங்க!"

ஓடுகிறவர்களில் மூத்தவரான நஞ்சப்பா வாசலில் திரும்புகிறார். "சங்கே ஊதியாச்சு, நீ இன்னும் என்னத்தடா ஊதிட்டு நிக்கற?"

மூச்சை இழுத்துக்கொண்டு ட்ரம்பெட்டை உயர்த்தும் முனிராஜ், தன் கால் மேடைப்படியில் கழற்றிவிட்ட ஷூவைத் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான்.